83-க்குப் பக்கத்தில் 59: லூதியானாவில் நடந்த ஒரு மருந்துச் சோதனை

பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கடுமையாகி ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், எல்லாருடைய கண்ணும் மூன்றாம் நாள் காலைமேல்தான் இருக்கும். முதல் இரண்டு நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்டீராய்டு ஊசி ஏறியிருக்கும். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்கும் கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. நேற்று எத்தனை தடவை போனீர்கள்? ரத்தம் கலந்து வந்ததா? ராத்திரி தூங்க முடிந்ததா? பெருங்குடல் தப்புமா, அதை வெட்டி எடுக்க வேண்டி வருமா என்ற யோசனை அந்தப் பதில்களிலிருந்துதான் தொடங்குகிறது. 1996-ல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். மூன்றாம் நாளிலும் ஒருவர் 8 தடவைக்கு மேல் போகிறார் என்றாலோ, 3 முதல் 8 தடவை போய், கூடவே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 45-ஐத் தாண்டியிருந்தாலோ, அப்படிப்பட்ட 100 பேரில் 85 பேர் குடலை இழக்கக்கூடும். இன்றைக்கும் வார்டில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

அந்த மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல், ஸ்டீராய்டு ஏறும்போதே இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தால் என்ன? பஞ்சாபின் லூதியானாவில் தயானந்த் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தக் கேள்விக்கு ஒரு சோதனை நடத்தினார்கள். மருந்தின் பெயர் டோஃபாசிட்டினிப், வாயில் போட்டு விழுங்கும் மாத்திரை. சோதனைக்கு அவர்கள் வைத்த சுருக்கப் பெயர் டாக்கோஸ். 2024-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி இதழில் முடிவு வெளியானது. ஆர்ஷ்தீப் சிங் முதல் ஆசிரியர்; குழுவின் மூத்தவர் அஜித் சூட்.

முடிவு ஒரே வரியில் அடங்கும்: மருந்து எடுத்தவர்களில் 83 சதவீதம் பேர் ஏழு நாளில் தேறினார்கள். இந்த எண்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியின் அட்டையிலும் ஏறும். நான் முதலில் தேடியது அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை. அது 59, மாத்திரை கிடைக்காத பக்கத்தில் தேறியவர்களின் சதவீதம்.

லூதியானா ஏன்?

ஒரு தலைமுறைக்கு முன்பு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வெள்ளைக்காரர்களின் நோய் என்றுதான் நம் ஊர் மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். ரத்தமும் சளியுமாகப் போகிறது என்று ஒருவர் வந்தால் அமீபா, சீதபேதி, இல்லாவிட்டால் குடல் காசநோய் என்று பார்க்கிற பழக்கம் இருந்தது. அதில் தப்பும் இல்லை. இன்றைக்கும் இங்கே முதலில் தொற்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனால் சூட் குழுவினர் பஞ்சாபில் 51,910 பேரைக் கணக்கெடுத்துப் பார்த்து, அதில் 23 பேருக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டார்கள். லட்சத்துக்கு 44 பேர். ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் போய்ப் பார்த்தபோது, புதிதாக நோய் வருவோர் லட்சத்துக்கு ஆறு பேர் என்று தெரிந்தது. 2003-ல் வெளியான அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு, இது இங்கே இல்லாத நோய் என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது. ஆக, டாக்கோஸ் திடீரென்று முளைத்த சோதனை இல்லை. இருபது வருடமாக இதே நோயாளிகளைப் பார்த்துவந்த இடத்திலிருந்து வந்தது.

நோயைப் பற்றி நாலு வரி. பெருங்குடலின் உட்சுவரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். சில மாதம் அடங்கியிருக்கும், அப்புறம் சீறும். அப்படிச் சீறும்போது சிலருக்கு ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை ரத்தமாகப் போகும். காய்ச்சல், வேகமான நாடி, ரத்தசோகை எல்லாம் கூடவே வரும். குடல் வீங்கி ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்தான் டாக்கோஸில் சேர்க்கப்பட்டவர்கள்.

1955-ன் அளவுகோல்

யாரை ‘கடுமை’ என்று சொல்வது? லூதியானாக்காரர்கள் இதற்குப் பயன்படுத்திய அளவுகோல் எழுபது வருடப் பழசு. அதுவும் இன்னொரு மருந்துச் சோதனையிலிருந்து வந்ததுதான்.

கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கண்டுபிடித்ததற்கு 1950-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அடுத்த சில வருடங்களில் எந்த நோயைப் பார்த்தாலும் அதைக் கொடுத்துப் பார்க்கும் ஆசை டாக்டர்களுக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ், லெஸ்லி விட்ஸ் இருவரும் கொஞ்சம் பொறுமையாக யோசித்தார்கள். 210 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 109 பேருக்குக் கார்டிசோன், 101 பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெறும் மாத்திரை. ஆறு வாரம் கழித்து எண்ணினால், கார்டிசோன் எடுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. 1955-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை இது. இந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று உண்டு என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டிய முதல் சோதனை என்று இதைச் சொல்லலாம்.

நோயாளிகளை வகை பிரிக்க அவர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். நாளுக்கு ஆறோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போவது, அதோடு காய்ச்சல், 90-க்கு மேல் நாடி, குறைந்த ஹீமோகுளோபின், 30-க்கு மேல் இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை). இவ்வளவுதான். ஸ்கேன் வேண்டாம், எண்டோஸ்கோப்பி வேண்டாம். எந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் போட்டுப் பார்க்கலாம். அதனால்தான் இன்னும் சாகவில்லை. புதுப்புது அளவுகோல்கள் எத்தனையோ வந்து போயின. அவசரம் என்று வந்தால் எல்லாரும் ட்ரூலவ், விட்ஸ் பட்டியலுக்குத்தான் திரும்புகிறார்கள்.

1974-ல் ட்ரூலவும் டெரெக் ஜுவலும் ஸ்டீராய்டை நரம்பு வழியே ஐந்து நாள் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட அதே முறைதான் இன்றைக்கும் நடக்கிறது. பலன் தருவது மூன்றில் இரண்டு பேருக்கு. மீதி ஒருவருக்கு என்ன செய்வது என்பதுதான் அதற்கப்புறம் நடந்த எல்லாச் சோதனைகளின் கேள்வி.

1994-ல் சைமன் லிக்டிகர் குழு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினை எடுத்தது. மொத்தமே 20 பேர். மருந்து போன 11 பேரில் 9 பேர் தேறினார்கள்; வெறும் ட்ரிப்ஸ் போன 9 பேரில் ஒருவர்கூட இல்லை. இடைவெளி அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2005-ல் சுவீடன், டென்மார்க் மருத்துவர்கள் இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்தை 45 பேரிடம் சோதித்தார்கள். மூன்று மாதத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் மருந்துப் பக்கம் 24-ல் 7, மறுபக்கம் 21-ல் 14. இந்த இரண்டில் எது மேல் என்று பிரான்சும் பிரிட்டனும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தன. பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது.

இரண்டுமே ஸ்டீராய்டு தோற்ற பிறகு வரும் மருந்துகள். இரண்டிலும் சிக்கல் உண்டு. சைக்ளோஸ்போரினுக்கு ரத்த அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் ஒரு பெரிய புரதம். குடல் சுவர் புண்ணாகிக் கசியும்போது கொடுத்த மருந்தே மலத்தோடு வெளியே போய்விடுகிறது. நோய் எவ்வளவு மோசமோ அவ்வளவு மருந்து வீணாகும். பணம் தனிக் கதை. அதே மாதிரி மருந்தை மற்ற கம்பெனிகள் செய்யும் பயோசிமிலர்கள் வந்து விலை இறங்கியும், கைக்காசு கட்டி வைத்தியம் பார்க்கும் குடும்பத்துக்கு அது லேசான தொகை இல்லை. போதாக்குறைக்கு, உடம்பில் பதுங்கியிருக்கும் காசநோயைக் கிளப்பிவிடும் பயமும் நம் நாட்டில் அதிகம்.

மாத்திரை வந்த வழி

டோஃபாசிட்டினிப் முதலில் கீல்வாத மருந்து. 2012-ல் அமெரிக்காவில் முடக்குவாத மூட்டழற்சிக்கு அனுமதி கிடைத்தது. அழற்சியைக் கிளப்பும் ரசாயனச் செய்திகள் செல்லின் வாசலுக்கு வந்து சேரும்; அவற்றை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க ஜேக் என்ற நொதிகள் இருக்கின்றன. இன்ஃப்ளிக்சிமாப் ஒரே ஒரு செய்தியை வழியிலேயே மடக்குகிறது. டோஃபாசிட்டினிப் வாசலில் நிற்கும் ஆளையே உட்கார வைத்துவிடுகிறது, அதனால் பல செய்திகள் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. பலமும் அதுதான், பயமும் அதுதான்.

மூலக்கூறு ரொம்பச் சின்னது. இன்ஃப்ளிக்சிமாப் அதைப்போல நானூறு மடங்குக்கு மேல் கனம். புண்ணான குடல் வழியே புரதம் கசிவதைப் பற்றிய கவலை இதற்கு இல்லை. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று மணி நேரம் போதும். நாளைக்கே அறுவை என்று முடிவானால் இன்று நிறுத்தினால் போதும், உடம்பில் தங்காது. அவசர வார்டுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

கொலைட்டிஸில் இதன் முதல் முக்கியச் சோதனை 2012-ல் வந்தது. 194 பேர், நான்கு விதமான அளவுகள். அதிக அளவில் எடுத்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்தில் குணம் தெரிந்தது. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் 42 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது! மிகக் குறைந்த அளவு எடுத்தவர்களின் நிலை அதைவிட மோசம், 32 சதவீதம். ஏறி இறங்கும் நோய் இது. சோதனைக்கு வருகிறவர்கள் நோய் ஏறியிருக்கும் நேரத்தில் வருகிறார்கள், அதில் பலருக்கு அது தானாகவே கொஞ்சம் இறங்கும். இந்த நோய்க்கான மருந்துச் சோதனை எதைப் படித்தாலும் நான் ஒப்பீட்டுக் குழுவிடம் முதலில் போவது இதனால்தான்.

2017-ல் ஆக்டேவ் என்ற பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. முதலாவதில் 598 பேர். எட்டு வாரத்தில் நோய் முழுதாக அடங்கியவர்கள் மருந்தில் 18.5 சதவீதம், வெறும் மாத்திரையில் 8.2. சாதாரண எண்தான், ஆனால் நம்பலாம். 2018 மே மாதம் அமெரிக்கா இந்த நோய்க்கும் அனுமதி கொடுத்தது. ஆனால் ஆக்டேவில் இருந்தவர்கள் வீட்டிலிருந்து வந்துபோகும் நோயாளிகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களுக்கு அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு தகவல் மட்டும் கட்டில் பக்கம் கண்ணைத் திருப்பியது: மூன்றாம் நாளிலேயே சிலருக்குத் தொந்தரவு குறையத் தொடங்கியிருந்தது.

அப்புறம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் பழைய கேஸ் பதிவுகளைத் தோண்டினார்கள். கட்டிலில் கிடந்தபோது டோஃபாசிட்டினிப் பெற்ற 40 பேர், அதே நிலையில் அது கிடைக்காத 113 பேர். நாளுக்கு மூன்று வேளை 10 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் அறுவை வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டு வேளை எடுத்தவர்களிடம் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2021-ல் வந்த இந்தக் கட்டுரை குலுக்கல் சோதனை இல்லை, பின்னோக்கிப் பார்த்த கணக்கு. யாருக்கு மூன்று வேளை கொடுப்பது என்று டாக்டர்களே முடிவு செய்திருப்பார்கள். அந்த முடிவிலேயே சாய்வு புகுந்திருக்கும். இருந்தாலும் லூதியானாக்காரர்கள் சோதித்ததும் அந்த அளவைத்தான்: 10 மில்லிகிராம், மூன்று வேளை, ஏழு நாள்.

சோதனை எப்படி நடந்தது

104 பேர். 53 பேருக்கு மாத்திரை, 51 பேருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உண்டு. இது முக்கியம். ‘போலி மாத்திரை கொடுத்தார்களாமே, சாகக் கிடக்கிறவனுக்கு?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வைத்தியம் இல்லாமல் யாரும் விடப்படவில்லை. 1955-ல் சோதிக்கப்பட்ட வகை மருந்து இரண்டு பக்கமும் போனது. புது மாத்திரை அதற்குமேல் எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் கேள்வி.

தேறினார் என்று எப்போது சொல்வது? இங்கே லிக்டிகர் வருகிறார். 1994 சோதனைக்காக அவர் குழு பயன்படுத்திய மதிப்பெண் முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எத்தனை தடவை போகிறார், ராத்திரியில் போகிறாரா, ரத்தம் எவ்வளவு, அடக்க முடிகிறதா, வயிற்று வலி, அமுக்கினால் வலி, பேதியை நிறுத்தும் மருந்து தேவைப்படுகிறதா, மொத்தத்தில் எப்படி இருக்கிறார் என்று எட்டு விஷயங்கள். அதிகபட்சம் 21. மூன்றுக்கு மேல் இறங்க வேண்டும், அதோடு அடுத்தடுத்து இரண்டு நாள் 10-க்குக் கீழே நிற்க வேண்டும், இன்ஃப்ளிக்சிமாபோ அறுவையோ தேவைப்படக் கூடாது. ஏழாம் நாளுக்குள் இதெல்லாம் நடந்தால்தான் ‘தேறினார்’.

இந்த வரையறையில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை மேலோட்டமாகப் படித்தால் தவறவிட்டுவிடுவோம். அடுத்த மருந்துக்குப் போகலாமா என்பதை டாக்டர் முடிவு செய்கிறார். அது தெர்மாமீட்டர் காட்டும் எண் இல்லை, மனிதரின் தீர்மானம். இந்த ஆளுக்குப் புது மாத்திரை போகிறது என்று தெரிந்திருந்தால், ‘இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்’ என்று கை தயங்கும். போலி மாத்திரை என்று தெரிந்தால், சீக்கிரமே இன்ஃப்ளிக்சிமாபை எழுதிவிடும். இரண்டுமே நல்ல எண்ணத்தில்தான் நடக்கும், ஆனால் முடிவைக் கெடுத்துவிடும். அவசர நோயில் இரு பக்கமும் கண்ணைக் கட்டிச் சோதனை நடத்துவது எவ்வளவு தொல்லை என்பது வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இருந்தும் செய்தார்கள். இந்தக் கட்டுரையில் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

எண்களைப் பிரித்துப் பார்த்தால்

மாத்திரைப் பக்கம் 53-ல் 44 பேர் தேறினார்கள், 83 சதவீதம். போலிப் பக்கம் 51-ல் 30 பேர், 59 சதவீதம். 90 நாளுக்குள் இன்ஃப்ளிக்சிமாபோ அறுவையோ தேவைப்படும் வாய்ப்பு, மாத்திரைப் பக்கம் 13 சதவீதம், போலிப் பக்கம் 38.

கட்டுரையின் சுருக்கத்தில் 3.42 என்று ஓர் எண் வரும். இதைப் பார்த்துவிட்டு ‘மூன்றரை மடங்கு பலன்’ என்று எழுதினால் தப்பு. அது தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரண்டு பக்கமும் எடுத்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்தது. நேராகப் பார்த்தால் 83-ஐ 59-ஆல் வகுத்தால் 1.4 மடங்குதான் வருகிறது.

எனக்குப் பிடித்த கணக்கு வேறு. 100 பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 59 பேர் ஸ்டீராய்டிலேயே தேறியிருப்பார்கள். அவர்களுக்கு மாத்திரை தேவையே இல்லை. 17 பேர் மாத்திரை போட்டும் தேறமாட்டார்கள். நடுவில் இருக்கும் 24 பேருக்குத்தான் மாத்திரையால் லாபம். அந்த 24 பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாததால் 100 பேரும் விழுங்க வேண்டியிருக்கிறது. நான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகத் தேறுகிறார். மருத்துவத்தில் இது ரொம்ப நல்ல எண். பெருங்குடலைக் காப்பாற்றுவது என்றால் இன்னும் நல்ல எண். ஆனால் பக்கவிளைவை அந்த ஒருவர் மட்டும் தாங்குவதில்லை, நான்கு பேரும் தாங்குகிறார்கள். ஸ்டீராய்டு தோற்கட்டும் என்று காத்திருந்து கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தக் காத்திருப்பில் சிலர் கைநழுவிப் போகலாம். முதல் நாளிலிருந்தே கொடுப்பதற்கான விலை இது.

எவ்வளவு உறுதி? தற்செயலாக இப்படி ஒரு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஏழுதான் என்று புள்ளியியல் கணக்கு சொல்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: தேறிய 44 பேரில் நான்கு பேர் மட்டும் தேறாமல் போயிருந்தால், உறுதி என்று சொல்லும் எல்லைக்கோட்டை முடிவு தாண்டியிருக்காது. நான்கு பேர்! இது குறை சொல்வதற்காக இல்லை. ஒரே ஆஸ்பத்திரி, 104 பேர் என்றால் இப்படித்தான் இருக்கும். 3.42 என்ற அந்த எண்ணுக்கு அவர்களே கொடுத்திருக்கும் வரம்பு 1.37-லிருந்து 8.48 வரை. பலன் உண்டு என்பது தெளிவு. எவ்வளவு என்பதுதான் இன்னும் புகைமூட்டம்.

ஒருவருக்கு மூளையில் ரத்தம் உறைந்தது

பக்கவிளைவுகள் பெரும்பாலும் லேசானவை என்று எழுதியிருக்கிறார்கள். அதே மூச்சில் இன்னொரு வரி: மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கு மூளையின் சிரைக்குழாயில் ரத்தம் உறைந்தது.

இந்த ஒருவரை எப்படி எடுத்துக்கொள்வது? 2019 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. மூட்டு நோயாளிகளிடம் நடந்துகொண்டிருந்த பெரிய சோதனையில், 10 மில்லிகிராம் இரண்டு வேளை எடுத்தவர்களிடம் நுரையீரலில் ரத்தக்கட்டு கூடுதலாகத் தெரிந்தது. 4,362 பேர் கொண்ட அந்தச் சோதனையின் முழு முடிவு 2022-ல் வந்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இந்த மருந்தில் 3.4 சதவீதம், ஒப்பிட்ட பழைய வகை ஊசியில் 2.5 சதவீதம்; புற்றுநோய் 4.2-க்கு 2.9. அதில் இருந்தவர்கள் 50 வயதைத் தாண்டி, இதயநோய்க்கான காரணம் ஒன்றாவது உள்ளவர்கள், வருடக்கணக்கில் மருந்து எடுத்தவர்கள். லூதியானாவில் ஏழு நாள்தான். அதே சமயம், அங்கே எச்சரிக்கைக்குக் காரணமானது நாளுக்கு 20 மில்லிகிராம்; இங்கே கொடுத்தது 30.

மறுபக்கம், கடுமையான கொலைட்டிஸே ரத்தத்தை உறைய வைக்கும் நோய். இப்படிச் சேரும் நோயாளிகளுக்கு ரத்தப்போக்கு இருந்தும் ஹெப்பாரின் ஊசி போடுவது அதனால்தான். ரத்தமாகப் போகிறவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசியா என்று கூட இருப்பவர்கள் பதறுவார்கள். நியாயமான பதற்றம்தான், ஆனால் கொடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம். எனவே அந்த ஒருவருக்கு வந்தது நோயாலா, மாத்திரையாலா, இரண்டும் சேர்ந்தா என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. வேறொரு பக்கவிளைவு யாருக்குமே வரவில்லை என்றாலும் நிம்மதியாகிவிட முடியாது. 53 பேரில் பூஜ்யம் என்றால், உண்மையில் அது 18 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதாகக்கூட இருக்கலாம். புள்ளியியலில் அவ்வளவு இடம் இருக்கிறது. சின்னச் சோதனை பலனைக் காட்டிவிடும். அரிதான கெடுதியைக் காட்ட அதற்குக் கண் போதாது.

அப்பா, அம்மா யாருக்காவது கால் நரம்பில் கட்டு வந்தது உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா, முன்பு எப்போதாவது நெஞ்சு அடைப்பு வந்ததா, டி.பி. இருந்ததா? இந்த மாத்திரையை எழுதுவதற்கு முன் எந்த டாக்டரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இதைப் படிக்கிறவர்களில் நோயாளியின் குடும்பத்தார் யாராவது இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேட்காமல் விட்ட கேள்வி

டாக்கோஸ் பதில் சொன்ன கேள்வி ஒன்றுதான்: ஸ்டீராய்டோடு இந்த மாத்திரையைச் சேர்த்தால், ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பதைவிட நல்லதா? ஆம் என்றது. ஸ்டீராய்டுக்குப் பதிலாகக் கொடுக்கலாமா என்று அது கேட்கவில்லை. இரண்டு வேளை போதுமா, மூன்று வேளை வேண்டுமா என்றும் கேட்கவில்லை. இரண்டு வேளைக்கு அங்கே குழுவே இல்லை. இந்த மாத்திரை ஜெனரிக்காக இங்கே பல கம்பெனிகளிடம் கிடைக்கிறது. மூன்றாம் நாள் ஸ்டீராய்டு தோற்றவருக்கு விலை குறைந்த இந்த மாத்திரையா, இன்ஃப்ளிக்சிமாபா என்பதுதான் பணம் கட்டும் குடும்பத்தின் உண்மையான கேள்வி. அதையும் அது கேட்கவில்லை.

அதைக் கேட்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். ஒரு மருந்தில் 70 சதவீதமும் இன்னொன்றில் 80 சதவீதமும் தேறுகிறார்கள் என்று வைத்தால், அந்த வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்கப் பக்கத்துக்கு 290 பேர், ஆக 580 பேர் தேவை. அத்தனையும் அவசர வார்டில் சேர்ந்த அன்றோ மறுநாளோ கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டியவர்கள். இன்ஃப்ளிக்சிமாபையும் சைக்ளோஸ்போரினையும் ஒப்பிட பிரிட்டன் இதே வேலையில் இறங்கியபோது 52 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் கிடைத்தவர்கள் 270 பேர்.